கறுப்புத் தொட்டியின் நான்காவது விளக்கு

குருசாமி இன்னொரு முறை அந்தப் பொத்தானை அழுத்தினார். நான்கு விளக்குகளும் எரிந்தன. விரலை எடுத்தார், நான்கும் அணைந்தன. அழுத்தினால் எரிகிறது, எடுத்தால் அணைகிறது, ஆகவே பொத்தானில் குறை இல்லை, விளக்கில் குறை இல்லை, குறை இருந்தால் அது கீழே இருக்க வேண்டும், இந்த வண்டியின் வயிற்றுக்கு அடியில், கண்ணில் படாத அந்தக் கறுப்புத் தொட்டிக்குள், அதற்குள் என்ன இருக்கிறது என்று நினைக்கவே அவருக்கு விருப்பமில்லை, ஆனால் மதியம் இரண்டு மணியிலிருந்து அதைத் தவிர வேறு எதையும் அவரால் நினைக்க முடியவில்லை. இப்போது இரண்டு நாற்பது. மகள் கோமதியும் மாப்பிள்ளை தரணியும் அருவி பார்க்கப் போயிருக்கிறார்கள், நடந்து போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், பார்க்க எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை, அருவியை எவ்வளவு நேரம்தான் பார்ப்பார்கள், தண்ணீர் விழுகிறது, மறுபடியும் விழுகிறது, பார்த்தாயிற்று என்று வந்துவிட வேண்டியதுதானே. தண்ணீர் விழுவதைப் பற்றி இப்போது நினைக்காமல் இருப்பது நல்லது. காலை ஐந்தரைக்குப் போனது. நடுவில் காபி, ஆரஞ்சுச் சாறு, தயிர்சாதம், அதற்கு மேல் மோர். அறுபத்தாறு வயதில் உடம்புக்கும் ஒரு பேனல் வைத்திருக்கலாம், அழுத்தினால் எரிகிற மாதிரி, ஆனால் அது தேவையில்லை, அங்கே அழுத்தாமலேயே எரிந்துகொண்டிருந்தது.

அரிசோனாவில் இப்படி ஒரு பைன் காடு இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார், அரிசோனா என்றால் கள்ளிச்செடிதான் என்று கோமதி முதலில் அனுப்பிய படங்களை வைத்து முடிவு கட்டியிருந்தார். இரவு தங்கிய முகாமை விட்டு இன்று வந்து நிறுத்தியது காட்டு ஓரத்தில் ஒரு வெற்று மைதானம், முகாமில் இருந்த மாதிரி பொதுக் கழிப்பறைகூட இல்லை, இந்த ஒரே வண்டி. வண்டி என்று சொன்னால் கோமதி சிரிக்கிறாள், ஆர்.வி. என்று சொல்ல வேண்டுமாம், ஐந்து நாளுக்கு வாடகைக்கு எடுத்தது, உள்ளேயே அடுப்பு, கட்டில், ஃபிரிட்ஜ், ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் கழிப்பறை, நம் ஊரில் நடிகர்கள் மேக்கப் போடுகிற கேரவன் மாதிரிதான். மைதானத்து மூலையில் ஒரு பலகை, அதில் கரடிப் படம். கரடிக்குக் கீழே என்னவோ எழுதியிருந்தது, கண்ணாடி போட்டுப் படிக்க அவர் இறங்கவில்லை, கரடியின் படமே போதுமான தகவலாக இருந்தது. கரடிப் பலகை மட்டும் இல்லாவிட்டால் ஒரு மரத்தடி போதும் அவருக்கு. ஆனால் தனக்கு மரத்தடி கிடைத்தாலும் பிரச்சினை தீராது, ஏனென்றால் பிரச்சினை தன்னுடையது மட்டும் இல்லை, அது பின்பக்கத் திரைக்கு அந்தப் பக்கம் கட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

பேனல் அடுப்புக்கு மேலே, ஒரு உள்ளங்கை அகலக் கறுப்புத் தகடு. முதல் நாள் தரணி அதைக் காட்டி விளக்கினான். இது பேட்டரி, இது நல்ல தண்ணி, இது பாத்திரம் கழுவின தண்ணி, அதுக்குப் பேரு சாம்பல் தொட்டி, இது கறுப்புத் தொட்டி, அது பாத்ரூமோடது மாமா, இது கேஸ், இந்தச் சுவிட்ச் போட்டா பம்ப் ஓடும். எதை அழுத்தினாலும் மேலே உள்ள அதே நான்கு விளக்குகள்தான் பதில் சொல்லும், காலி, மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு, முழுசு. சிவப்பு, மஞ்சள், பச்சை, பச்சை. மற்றபடி கறுப்புத் தொட்டி நான்காவது விளக்கைத் தொட்டுவிட்டால் மட்டும் யாரும் உள்ளே போகக் கூடாது, போனால் வந்த வழியே மேலே வந்துவிடும் என்று சொன்னான். அப்புறம் அவர் முதுகைத் தட்டாத குறையாக, நீங்கதான் மாமா நம்ம ஆபரேட்டர், முப்பத்தொரு வருஷம் பேனல் முன்னாடியே உக்காந்தவரு என்றான். அது மரியாதையா கிண்டலா என்று மூன்று நாளாக அவருக்குப் பிடிபடவில்லை. முப்பத்தொரு வருஷம் உண்மை. துணை மின் நிலையத்தில், ஷிப்ட் ஷிப்டாக, சுவர் உயரப் பேனல், மணிக்கொரு தடவை எழுந்து மீட்டர் மீட்டராகப் பார்த்து லாக் ஷீட்டில் எழுத வேண்டும். அங்கே சிவப்பு எரிந்தால் லைனில் மின்சாரம் ஓடுகிறது, ஊர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பச்சை எரிந்தால் பிரேக்கர் திறந்துவிட்டது, ஊர் இருட்டு. முப்பத்தொரு வருஷம் சிவப்பைப் பார்த்து நிம்மதியும் பச்சையைப் பார்த்துப் பதற்றமும் பழகிய உடம்பு. மொபெட்டில் போகும்போது சிக்னலில் பச்சை விழுந்தால் ஒரு கணம் கை பிரேக்குக்குப் போகும், பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி செண்பகம், பச்சை விழுந்தாச்சு, இன்னும் யாரைக் கேட்கணும் என்று தோளில் இடிப்பாள். இந்த வண்டியைச் செய்தவன் நல்ல தண்ணீர் நிறைந்தாலும் பச்சை வைத்திருக்கிறான், கழிவு நிறைந்தாலும் அதே பச்சை வைத்திருக்கிறான். ஒரே விளக்கு, ஒரு பொத்தானுக்கு நல்ல சேதி, பக்கத்துப் பொத்தானுக்குக் கெட்ட சேதி. அந்த ஆளை ஒரு நைட் ஷிப்ட் உட்கார வைக்க வேண்டும்.

இந்த மூன்று நாளும் அவர் மணிக்கொரு தடவை பார்த்துத்தான் வந்தார், யாரும் சொல்லாமலேயே, ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்தும் வைத்தார். பேட்டரி முழுசு, சரி. நல்ல தண்ணீர் மூன்றில் இரண்டு, சரி. கேஸ் முழுசு. கறுப்புப் பொத்தானை மட்டும் அவர் தொடவே இல்லை. தொட்டால் அது ஒரு மீட்டரைப் பார்ப்பதாக இருக்காது, அடுத்தவர் அந்தரங்கத்தில் எட்டிப் பார்ப்பதாக இருக்கும், அதுவும் சம்பந்தியம்மா இருக்கிற வண்டியில். இன்று இரண்டு மணி ரீடிங்கின்போது, வண்டியில் அசைவே இல்லாத அந்த நேரத்தில், விரல் தானாகப் போய் அதை அழுத்திவிட்டது. ஒரு கட்டம் காலியாக இருந்தால் ஆபரேட்டர் விரலுக்குப் பொறுக்காது. சிவப்பு, மஞ்சள், பச்சை, பச்சை. அதிலிருந்து பத்துத் தடவையாவது அழுத்தியிருப்பார். முதலில் மெதுவாக, பிறகு ஓங்கி, பிறகு கட்டை விரலால், பிறகு எதிர்பாராத நேரத்தில் திடீரென்று, விளக்கை ஏமாற்றிப் பார்க்கிற மாதிரி. விளக்கு ஏமாறவில்லை.

சம்பந்தியம்மா என்றால் நாச்சம்மாள், தரணியைப் பெற்றவர், கோயம்புத்தூர்ப் பக்கம், மூன்று வருஷமாக மகனோடு இங்கேதான் இருக்கிறார். குருசாமியோடு நேரடியாகப் பேசி ஐந்து வருஷம் ஆகிறது, கல்யாணத்தன்று பேசியதோடு சரி. அன்று முகூர்த்தம் நெருங்குகிற வேளையில் மண்டபத்தில் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர்க்காரன் டீசல் வாங்கப் போயிருந்தான். ஃபேன் நின்று மைக் நின்று, ஐயர் வெறும் தொண்டையில் மந்திரம் சொல்ல, நாச்சம்மாள் பக்கத்திலிருந்த உறவுக்காரியிடம், கரண்டு ஆபீசுக்காரர் ஊட்டுக் கல்யாணத்துலயே கரண்டு இல்லீங்களாமா என்று கேட்டது நான்கு வரிசைக்குக் கேட்டது. குருசாமி பேசாமல் இருந்திருக்கலாம். செண்பகம் இருந்திருந்தால் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருப்பாள், அவள் போய் அப்போது ஒரு வருஷம். வெளிச்சத்துக்கு என்ன குறைச்சல், மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க கழுத்துல கிடக்கிறதே போதுமே என்று அவர் வாய் சொல்லிவிட்டது, மைக் இல்லாத குறையை அவர் தொண்டையே தீர்த்துவிட்டது. அன்றிலிருந்து நாச்சம்மாள் அவரிடம் பேசுவதெல்லாம் வேறொருவர் வழியாகத்தான். அப்பாகிட்ட இன்னொரு இட்லி வெக்கட்டுமான்னு கேளு கண்ணு. அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். கோமதி கேட்பாள், போதும்னு சொல்லும்மா என்பார், போதுமாம் அத்தை என்பாள். மூன்று நாளாக வண்டிக்குள் கோமதி ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி வேலை பார்த்துவிட்டு, இன்று பாவம் அருவிக்குப் போயிருக்கிறாள். போகும்போது வாசலில் அவரைத் தனியாக இழுத்து, அப்பா, நீ இனி எங்களோடவே வந்து இருக்கணும்னு எனக்கும் அவருக்கும் ஆசை, ஆனா ஒரே வீட்டுல நீங்க ரெண்டு பேரும் என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள். முடிக்க வேண்டியதில்லை. புது டிரான்ஸ்ஃபார்மர் வந்தால் முதலில் லோடு கொடுக்காமல் சும்மா சார்ஜ் செய்து ஒரு நாள் முழுக்கச் சத்தத்தைக் கவனிப்பார்கள். இந்த ஐந்து நாள் பயணம் அதுதான். அவரும் சம்பந்தியம்மாவும் சத்தமில்லாமல் ஓடுகிறார்களா என்று பிள்ளைகள் கவனிக்கிறார்கள்.

அவருக்கு ஊரில் காலையில் எழுந்து பேச ஆள் கிடையாது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பால்காரரிடம் இரண்டு வார்த்தை, டிவியிடம் நாலு வார்த்தை. சரி, அது இப்போது எதற்கு. இப்போது விஷயம், சம்பந்தியம்மா சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு டம்ளர் மோர் குடித்திருக்கிறார். அவர் எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை, கண்ணில் பட்டது. இரண்டு பெரிய டம்ளர். மூன்று மணிக்குள் விழித்துவிடுவார். விழித்தால் திரையை விலக்குவார், இடது பக்கம் இரண்டு எட்டு வைத்தால் அந்தக் கதவு. அதற்குள் அவர் சொல்லியாக வேண்டும். என்னவென்று சொல்வது. ஐந்து வருஷம் கழித்து ஒரு மனிதன் சம்பந்தியம்மாவிடம் நேரடியாகப் பேசுகிற முதல் வாக்கியம், நீங்க பாத்ரூம் போகக் கூடாது என்பதா. உலகத்தில் எந்தச் சம்பந்தியாவது இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருப்பானா. சொல்லாமல் விட்டாலோ, அந்தம்மா உள்ளே போய், வந்த வழியே மேலே வந்து, அடக்கடவுளே, அதற்குப் பிறகு கோமதி எத்தனை வருஷம் எக்ஸ்சேஞ்ச் வேலை பார்த்தாலும் லைன் கிடைக்காது. மரத்தடிக்குப் போங்க என்று சொல்ல முடியுமா, கரடி இருக்கிற காட்டுக்கு மாப்பிள்ளையின் அம்மாவை அனுப்பினான் என்கிற பேர் வேறு வரும். மொபைலில் கூப்பிடலாம் என்றால் சிக்னல் என்று ஒரு கோடுகூட இல்லை.

அல்லது விளக்கு பொய்யாக இருக்கலாம். இந்த நினைப்பு வந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், உடனே பயந்து பழையபடி குனிந்துகொண்டார். பொய் விளக்கு அவருக்குப் புதிது இல்லை. சர்வீஸில் ஒன்பதாவது வருஷம், ஐப்பசி மழை, பெரிய டிரான்ஸ்ஃபார்மரின் அபாய விளக்கு எரிந்து ஹூட்டர் அலறியது. ரீசெட் செய்தார், நின்றது. அரை மணியில் மறுபடி. வெளியே போய்ப் பார்த்தார், டிரான்ஸ்ஃபார்மர் எப்போதும் போல முனகிக்கொண்டிருந்தது, சூடு இல்லை, எண்ணெய் அளவு சரி. காது சரி என்கிறது, விளக்கு தப்பு என்கிறது. மூன்றாவது தடவை எரிந்தபோது அவர் விளக்கை நம்பினார், டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்தினார், ஊரே அணைந்தது. அன்றைக்குப் பார்த்து ஊர் முழுக்க டிவி முன்னால் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தது, கடைசி மூன்று ஓவர். அடுத்த நாள் என்ஜினியர் வந்து, அந்த விளக்கை எரியவைக்கிற ரிலே பெட்டியைத் திறந்தார், உள்ளே இரண்டு முனைக்கு நடுவில் ஒரு பல்லி, வால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம், செத்து ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ரிட்டயர் ஆகிற வரை அவர் பல்லி குருசாமி. பிரிவுபசார விழாவில்கூட ஒரு லைன்மேன் மைக்கில் அப்படித்தான் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். விளக்கை நம்பினால் பல்லி. நம்பாவிட்டால், அந்த ஒரு தடவை மட்டும் அது நிஜமாக இருந்துவிட்டால், டிரான்ஸ்ஃபார்மர் வெடிக்கும். முப்பத்தொரு வருஷமும் இதற்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தார், இப்போது அரிசோனாவில், ஒரு கழிப்பறைத் தொட்டிக்கு முன்னாலும் அதே நாற்காலிதான். ஆனால் அங்கே வெளியே போய்க் காதை வைத்துக் கேட்க முடிந்தது. இங்கே எதில் காதை வைப்பது. தண்ணீர்த் தொட்டி என்றால் தட்டிப் பார்க்கலாம், கேஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்க்கலாம். இதை யார் தட்டுவார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தார், நாலு பேர், மூன்று நாள், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு, என்று போய் நாலாவது ஆள் யார் என்று வந்ததும் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டார். தன் பங்கு மட்டும் தெரியும். தன் பங்கு பூஜ்யம். மூன்று நாளும் விடியும்போதே எழுந்து, இரவு தங்கிய முகாமில் இருந்த பொதுக் கழிப்பறைக்கு நடந்துவிட்டார், குளிரில், மப்ளரோடு. வண்டிக் கழிப்பறைக்கு இருப்பது அட்டைத் தடுப்பு, இந்தப் பக்கம் சம்பந்தியம்மா மூச்சு விடுகிறது கேட்கிறது என்றால் அந்தப் பக்கம் நடப்பது இந்தப் பக்கம் கேட்காதா.

திரை அசைந்தது. நாச்சம்மாள் எழுந்து வந்தார், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண் இன்னும் முழுசாகத் திறக்காமல். யாரும் இல்லாத இருக்கையைப் பார்த்து, பசங்க இன்னும் வரலீங்களாமா என்று கேட்டார். எக்ஸ்சேஞ்ச் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். குருசாமி ஃபிரிட்ஜைப் பார்த்து, இன்னும் வரலை, நாலு மணி ஆகும்போல என்றார். ஃபிரிட்ஜ் ஒன்றும் சொல்லவில்லை. நாச்சம்மாள் ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்தார், கரடிப் பலகையைப் பார்த்தார், பிறகு அந்தக் கதவைப் பார்த்தார். பார்த்துவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்தில் குருசாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது, அவரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார், முழங்கால்களைச் சேர்த்து, மூச்சை அளந்து விட்டுக்கொண்டு. இப்போது சொல்லாவிட்டால் எப்போது.

"டேங்க் ஃபுல்லா இருக்கு" என்றார், ஃபிரிட்ஜிடமே.

நாச்சம்மாள் யோசித்தார். நல்லதுதானுங்களே, ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் டீசல் அடிக்க வேண்டீதில்லை என்றார்.

அந்த டேங்க் இல்லை என்றார் குருசாமி. அப்போ தண்ணித் தொட்டிங்களா என்று கேட்டார் நாச்சம்மாள். தண்ணின்னா தண்ணிதான், ஆனா அந்தத் தண்ணி இல்லை என்றார், தன் காதுக்கே அது சித்தர் பாட்டு மாதிரி இருந்தது. வேறு வழியில்லாமல் எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தினார். நான்கு விளக்குகளும் எரிந்தன. கறுப்புத் தொட்டி என்றார். அந்தப் பெயர் நாச்சம்மாளுக்கும் தெரியும், அன்று தரணி விளக்கியபோது அவரும்தான் நின்றிருந்தார். விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மெல்லச் சிவந்தது. குருசாமி பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்து, விளக்குகள் இருவருக்கும் நடுவில் எரிந்துகொண்டே இருந்தன. அந்தச் சிவப்பு, சந்தேகம் என்று அவருக்குத் தோன்றியது. என்னைத்தான் நினைக்கிறார். மூன்று நாளில் ஒரு தொட்டியை நிரப்பியவன் என்று நினைக்கிறார். தெக்கத்தி ஆள், கண்டதையும் தின்கிறான், அதான் என்று நினைக்கிறார். கல்யாணத்தில் நகையைச் சொன்னதற்கு இது பதிலாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம், ஆனால் இது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை. வாழ்நாள் முழுக்க இந்தப் பழியைச் சுமந்துகொண்டு அதே வீட்டில் எப்படி இட்லி சாப்பிடுவது. தொண்டையைச் செருமினார். இந்தத் தடவை ஃபிரிட்ஜைப் பார்க்கவில்லை.

"சம்பந்தியம்மா, சத்தியமா நான் அதுக்குள்ள ஒரு தடவைகூடப் போகலை."

சொன்ன பிறகுதான் அது என்ன வாக்கியம் என்று அவருக்குத் தெரிந்தது. நான் போகவில்லை என்றால் போனது யார். ஐயோ. கோமதி கட்டிய கோட்டை இதோ சரிந்தது, ஊருக்கு டிக்கெட்டைப் போட்டுவிட வேண்டியதுதான், டிவியிடம் நாலு வார்த்தை, பால்காரரிடம் இரண்டு. நாச்சம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"நானுமே போகலீங்க" என்றார்.

குருசாமி நிமிர்ந்தார்.

நாச்சம்மாள் இப்போது நிற்காமல் பேசினார், ஐந்து வருஷமாக அடைத்துவைத்தது எல்லாம் தப்பான வாசல் வழியாகத் திறந்துகொண்ட மாதிரி. வெடியால அஞ்சு மணிக்கே எழுந்து அந்தப் பொது எடத்துக்குத்தான் போய்ட்டு வந்தேனுங்க, குளிருல கையெல்லாம் வெறைச்சுப் போச்சு, ஆம்பளைங்க இருக்கற வண்டீல, காயிதம் மாதிரி ஒரு தடுப்பு, எப்படிங்க போறது. நேத்து மத்தியானம் அவசரமா இருந்துச்சு, வவுத்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், கோமதி கேட்டா கால் வலின்னு சொல்லிப்போட்டேன். குருசாமிக்கு நேற்றைய கால்வலி ஞாபகம் இருந்தது, மனசுக்குள் கொஞ்சம் நீட்டி முழக்குகிறார் என்று நினைத்துக்கொண்டதும் ஞாபகம் இருந்தது. நானும் அஞ்சரைக்குத்தான் போறேன், உங்களைப் பார்த்ததே இல்லையே என்றார். அதுக்குள்ள நானு வந்து படுத்துத் தூங்கற மாதிரி கண்ணை மூடிக்குவேனுங்க என்றார் நாச்சம்மாள்.

அப்படியானால் பிள்ளைகளா என்று கேட்க குருசாமிக்கு வாய் வரவில்லை, மகளும் மாப்பிள்ளையும், அதை எந்த வாயால் கேட்பது. நாச்சம்மாளே சொன்னார். பசங்களும் இல்லீங்க. அந்தக் கதவு தொறந்தா பூனை கத்தற மாதிரி ஒரு சத்தம் வருமுங்க, மொத நாளு தரணி தொறந்து காட்டறப்பக் கேட்டேன். எனக்கு ராத்திரியில கண்ணு மூடறதே கம்மி, பகல்லயும் எங்கயும் போறதில்லை, இந்த வண்டிக்குள்ளேயேதான் இருக்கறேன். மூணு நாளா அந்தக் கதவு கத்தவே இல்லீங்க.

குருசாமி விரலைப் பொத்தானிலிருந்து எடுத்தார். மூன்று நாள், இடைவிடாமல், ஒரே ஆள், லாக் ஷீட்கூட இல்லாமல். அவர் மணிக்கொரு தடவைதான் பார்த்தார், இந்தம்மா ஷிப்டே மாறாமல் கேட்டிருக்கிறார். அன்றைக்கு ஐப்பசி மழையில் இவர் மாதிரி ஒருவர் பக்கத்து நாற்காலியில் இருந்து, காது சொல்றதைக் கேளுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால். முதல் நாள் வண்டி எடுக்கும்போது தொட்டி காலி என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கியதை அவரே பார்த்தார். காலித் தொட்டி, யாரும் போகவில்லை, விளக்கு முழுசு என்கிறது. அப்படியென்றால் விளக்கு பொய். உள்ளே ஏதோ ஒட்டிக்கொண்டு பொய் சொல்ல வைக்கிறது. இதை உரக்கச் சொன்னார், சொல்லிவிட்டு ஒரு முறை தயங்கினார், பழக்க தோஷம். நாச்சம்மாள் தயங்கவில்லை. எழுந்துவிட்டார். கதவுக்கு முன்னால் போய் நின்று திரும்பி, அவர் முகத்தை நேராகப் பார்க்காமல், ஆனால் அவரிடமே, நீங்க கொஞ்சம் வெளிய போயி அந்தக் கரடி என்ன பண்ணுதுன்னு பாக்கறீங்களா என்றார்.

குருசாமி பம்ப் சுவிட்சைப் போட்டுவிட்டு இறங்கினார். இறங்கிய கையோடு வண்டியிலிருந்து முப்பது அடி தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்று, கரடிப் பலகையைக் கண்ணாடி போட்டு எழுத்து எழுத்தாகப் படித்தார். கரடிக்குச் சாப்பாடு போடக் கூடாதாம். கரடியைப் பார்த்தால் ஓடக் கூடாதாம். குனிந்து நிற்கக் கூடாதாம், கையைத் தூக்கி உயரமாகத் தெரிய வேண்டுமாம், உரக்கப் பேச வேண்டுமாம். அதைப் படித்ததும் அவர் உரக்கவே பேச ஆரம்பித்தார், கரடிக்காக இல்லை, வண்டிக்குள் இருப்பவருக்குக் கூச்சமாக இருக்கக் கூடாதே என்று, வானிலை நல்லா இருக்கு, பைன் மரம் எல்லாம் என்ன உயரம், என்று மரங்களுக்கு வர்ணனை கொடுத்தார். உள்ளே பூனை கத்தியது. பம்ப் ஓடி நின்றது. எதுவும் மேலே வந்ததாகத் தெரியவில்லை, கூச்சல் இல்லை. மறுபடி பூனை கத்தியது. பிறகு வண்டிக் கதவைத் திறந்துகொண்டு நாச்சம்மாள் இறங்கினார், வெயிலில் முகம் பத்து வயசு குறைந்து தெரிந்தது, அவரைக் கடந்து போய்ப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, நீங்க போங்க, நானு பாத்துக்கறேன் என்றார். குருசாமி ஓடவில்லை, நடந்தார், கொஞ்சம் வேகமாக நடந்தார். உள்ளே நின்றபோது வெளியே நாச்சம்மாள் ஏதோ பக்திப் பாட்டை உரத்த குரலில் பாடுவது கேட்டது, சுருதி சுத்தமாக இல்லை, அதைவிட நாகரிகமான ஒரு பாட்டை அவர் வாழ்க்கையில் கேட்டதில்லை.

நாலேகாலுக்குப் பிள்ளைகள் வந்தார்கள், முழங்கால் வரை ஈரமாக. பெரியவர்கள் இரண்டு பேரும் வண்டிக்கு வெளியே மடக்கு நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து கோமதி நடையை மெதுவாக்கினாள், ஏதோ விபத்து நடந்த இடத்துக்கு வருகிற மாதிரி. தரணி நேராக உள்ளே போனான், பழக்கத்தில் பேனலை அழுத்திப் பார்த்திருக்க வேண்டும், தலையை வெளியே நீட்டி நெற்றியில் அடித்துக்கொண்டான். மாமா, இதைச் சொல்ல மறந்தே போயிட்டேன், இந்தக் கறுப்புத் தொட்டி எப்பவும் ஃபுல்லுன்னுதான் காட்டுமாம், சென்சார்ல பழைய காகிதம் ஒட்டிக்கிட்டிருக்கு, கண்டுக்க வேண்டாம்னு வண்டி கொடுத்தவன் அன்னிக்கே சொன்னான் என்றான்.

குருசாமி டீயைப் பார்த்தார். அந்த டம்ளரை மாப்பிள்ளை மேல் எறிவதற்கு இருந்த காரணங்கள் ஒவ்வொன்றாக மனசில் வந்து வரிசையில் நின்றன.

"நீ சொல்லாட்டி என்ன கண்ணு, நாங்களே கண்டுபுடிச்சுட்டோம்" என்றார் நாச்சம்மாள்.

நாங்க. குருசாமி அந்தச் சொல்லை உள்ளுக்குள் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். கோமதியும் அதைக் கேட்டிருந்தாள், கையில் இருந்த ஈரச் செருப்பை அப்படியே பிடித்துக்கொண்டு அப்பாவையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். தரணி வியந்துபோய் வண்டியிலிருந்து இறங்கியே வந்துவிட்டான். அதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க, தொட்டியைத் திறந்தாத்தானே தெரியும் என்று கேட்டான்.

நாச்சம்மாள் பைன் மரத்தின் உச்சியைப் பார்த்தார். குருசாமி டம்ளரில் மிச்சமிருந்த டீயை ஒரு வாய் குடித்து, நிதானமாக விழுங்கி, முப்பத்தொரு வருஷ சர்வீஸையும் குரலில் சேர்த்துக்கொண்டு சொன்னார்.

"அது டெக்னிக்கல் மாப்பிள்ளை."

"ஆமா கண்ணு" என்றார் நாச்சம்மாள். "உனக்குச் சொன்னாப் புரியாது." பிறகு கோமதி பக்கமே திரும்பாமல், குருசாமியிடம் கையை நீட்டி, டம்ளரைக் கொடுங்க சம்பந்தி, இன்னும் கொஞ்சம் டீ இருக்குது என்றார்.